பழைய சதுரக்கட்டு வைக்கோல் இயந்திரம்: வாங்கியதும் பராமரித்ததும்

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை இப்போது ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்தால்தான் நடக்கிறது. கையால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலை உலர்த்திப் போர் போட்ட காலத்தில் நெல்லும் வைக்கோலும் ஒன்றன்பின் ஒன்றாக வீடு வந்து சேர்ந்தன. பெல்ட் வண்டி எனப்படும் அறுவடை இயந்திரம் அறுக்கும்போது நெல் மட்டும் டிராக்டரில் ஏறிப் போகிறது. வைக்கோல் வயலிலேயே வரிசையாகக் கிடக்கிறது. அதை அள்ள ஆள் கிடைப்பதில்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தோ பச்சைப் பயறோ தெளித்திருந்தால் வைக்கோலை அங்கே நெடுநாள் விட்டுவைக்கவும் முடியாது. மூடிக் கிடக்கும் இடத்தில் முளை வெளுத்து வீணாகும். எனவே சில நாட்களுக்குள் வைக்கோல் கட்டப்பட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டாயம் எங்கள் வயல்களுக்கு உண்டு.

இந்தத் தேவையால்தான் கட்டும் இயந்திரங்கள் எங்கள் பக்கம் பெருகின. மன்னார்குடி, நீடாமங்கலம், ஒரத்தநாடு வட்டாரங்களில் பிப்ரவரி மாதம் பயணம் செய்தால் சிறிய உருளைக் கட்டுகளே பெரும்பாலும் கண்ணில் படும். அவற்றைக் கட்டும் இயந்திரம் எடை குறைந்தது, விலையும் குறைந்தது, பழுது பார்ப்பவர்களும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் நான் சதுரக்கட்டு இயந்திரத்தை நாடியதற்குக் காரணம், கட்டுகளை அடுக்குவதிலும் லாரியில் ஏற்றுவதிலும் கிடைக்கும் வசதி. எங்கள் பக்கத்து வைக்கோல் கணிசமாகக் கேரளத்துக்கு லாரியில் போகிறது. உருளைகளை அடுக்கினால் இடையில் வெற்றிடம் நிற்கும். சதுரக் கட்டுகளைச் செங்கல் அடுக்குவதுபோல் நெருக்கி அடுக்கலாம், அதே லாரியில் கூடுதல் எடை ஏற்றலாம், என் மாட்டுக்கொட்டகையின் பரணிலும் இடம் மிச்சமாகும். ஆனால் புதிய சதுரக்கட்டு இயந்திரத்தின் விலை நல்லதொரு டிராக்டரின் விலையையே தாண்டும். எனவே பழையதைத் தேடினேன்.

தேடித் திரிந்து, வாங்கி, பல பருவங்கள் ஓட்டிய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சதுரக்கட்டு இயந்திரத்தை வாங்குபவர் உண்மையில் அதில் கயிற்றுக்கு முடிபோடும் முடிச்சுப் பகுதியையும், கயிற்றைச் சுமக்கும் ஊசியும் வைக்கோலை அழுத்தும் பிளஞ்சரும் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் நேரக்கணக்கையும்தான் வாங்குகிறார். மற்றவை தகடும் பேரிங்கும் செயினும். அவற்றை எந்தப் பட்டறையிலும் சரிசெய்துகொள்ளலாம். முடிச்சுப் பகுதியைப் புரிந்துகொள்ளும் பொறுமை இல்லாதவர் உருளைக்கட்டு இயந்திரத்தோடு நிற்பதே நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன்.

இந்தியாவில் பழைய சதுரக்கட்டு இயந்திரங்கள் அதிகம் கிடைப்பது பஞ்சாபிலும் ஹரியானாவிலும்தான். அங்கே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் உள்ள அவகாசம் ஏறக்குறைய மூன்று வாரம். அந்த இடைவெளியில் நெல் தாளைக் கொளுத்தும் வழக்கத்தைத் தடுக்க, 2018-19 முதல் நடுவண் அரசு பயிர்க்கழிவு மேலாண்மைக்கான இயந்திரங்களுக்கு மானியம் வழங்கி வருகிறது. நியூ ஹாலண்ட் பி.சி. 5060 போன்ற இயந்திரங்கள் அங்கே பெருவாரியாக ஓடுகின்றன. கட்டுகள் வைக்கோலை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்குப் போகின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இரவும் பகலுமாக ஓடிய இயந்திரங்கள் டிசம்பரில் ஓய்ந்து நிற்கும். எங்கள் சம்பா அறுவடை தை மாதத்தில்தான் சூடு பிடிக்கும். ஆகவே டிசம்பரில் போய் வாங்கினால் அவர்கள் பருவம் முடிந்து விலை சற்று இறங்கியிருக்கும். நமக்கும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய ஒரு மாதம் கிடைக்கும்.

வடக்கே ஓடிய இயந்திரத்தின் தேய்மானத்துக்குத் தனித்தன்மை உண்டு. அங்கே அறுவடைக்குப் பிறகு நிற்கும் தாளையும் வெட்டிச் சாய்த்து, ரேக் எனும் வாரும் கருவி கொண்டு கூட்டி வரிசையாக்கி, அதன்பின் கட்டுகிறார்கள். கூட்டும்போது மண் சேர்ந்து வருகிறது. நெல் வைக்கோலில் இயல்பாகவே சிலிக்கா அதிகம். அதோடு மண்ணும் சேர்ந்தால் கத்தி, ஊசி, பிளஞ்சர் ஓடும் தடம் ஆகிய எல்லாவற்றையும் அரம்போல் தேய்த்துவிடும். வெளிநாட்டில் புல் மட்டும் கட்டிய இயந்திரம் நாற்பது ஆண்டு தாங்கியது என்று படித்துவிட்டு, நெல் வைக்கோல் கட்டிய இயந்திரத்தை அந்தக் கணக்கில் மதிப்பிடக் கூடாது. எத்தனை ஆண்டு ஆனது என்பதைவிட எத்தனை கட்டு போட்டது என்பதே முக்கியம். ஆனால் கட்டு எண்ணும் மீட்டரை மாற்றிவிடுவது எளிது; அதை நம்பாமல் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு முன், இயந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். முன்புறத்துப் பிக்கப் பற்கள் வைக்கோல் வரிசையை வாரி எடுக்கும். ஊட்டும் முள்கள் அதைப் பக்கவாட்டில் கட்டுப்பெட்டிக்குள் தள்ளும். ஃபிளைவீல் எனும் கனத்த சக்கரத்தின் விசையால் முன்னும் பின்னும் ஓடும் பிளஞ்சர், ஒவ்வொரு வீச்சிலும் உள்ளே வந்த வைக்கோலைக் கத்தியால் வெட்டிப் பின்னோக்கி அழுத்தும். பெட்டியின் குறுக்களவு 36 சென்டிமீட்டருக்கு 46 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 80 முதல் 100 வரை வீச்சுகள் நிகழும். கட்டு வேண்டிய நீளத்தை எட்டியதும் பல்சக்கரம் ஒன்று விசையைத் தட்டிவிடும். அடியிலிருந்து இரண்டு வளைந்த ஊசிகள் கயிற்றைச் சுமந்துகொண்டு பிளஞ்சர் முகத்தில் உள்ள பிளவுகள் வழியே மேலேறும். மேலே உள்ள இரண்டு முடிச்சுப் பகுதிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிபோட்டு, கயிற்றை அறுத்துவிடும்.

அந்த முடிபோடும் பொறியின் வேர் மிகப் பழையது. கதிர்க்கட்டு கட்டுவதற்காக அமெரிக்காவின் ஜான் ஆப்பிள்பி 1870களின் இறுதியில் உருவாக்கிய கயிற்று முடிச்சுப் பொறியே இன்றைய முடிச்சுப் பகுதிகளுக்கு மூலம். வயலில் நகர்ந்தபடியே வாரி, அழுத்தி, தானே முடிபோடும் இயந்திரத்தைப் பென்சில்வேனியாவின் எட் நோல்ட் 1930களின் பிற்பகுதியில் செய்து காட்ட, நியூ ஹாலண்ட் நிறுவனம் 1940 முதல் அதை விற்கத் தொடங்கியது. அடிப்படை அப்போதிலிருந்து பெரிதாக மாறவில்லை. இதனால் நமக்கு ஒரு நன்மை உண்டு: மின்னணுக் கருவி எதுவும் இல்லாத, கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யக்கூடிய இயந்திரம் இது.

நான் பஞ்சாபின் மோகா பக்கம் போனபோது, அறுவடை இயந்திரத்தோடு பல மாநிலம் சுற்றிய ஆத்தூர்க்கார அண்ணன் ஒருவர் துணைக்கு வந்தார். அவருக்கு இந்தி நன்றாகத் தெரியும் என்பது ஒரு காரணம்; இயந்திரத்தைத் தொட்டே அதன் வயதைச் சொல்லக்கூடியவர் என்பது அதைவிடப் பெரிய காரணம். அவர் முதலில் பார்த்தது இயந்திரத்தை அல்ல, விற்பவரின் கருவிப் பெட்டியை. "தம்பி, ஷியர் போல்ட்டுக்குப் பதிலா என்ன போல்ட் வச்சிருக்காங்கன்னு பாரு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். ஃபிளைவீலில் இருக்கும் ஷியர் போல்ட் ஒரு காவலாளி. பிளஞ்சர் எதிலாவது முட்டினால் முதலில் முறிய வேண்டியது அதுதான். அது அடிக்கடி முறிகிறது என்பதற்காகக் கடினமான எஃகு போல்ட்டைப் போட்டு ஓட்டினால், அடுத்த முட்டலில் ஊசியோ கியர் பாக்ஸோ உடையும். நாங்கள் பார்த்த முதல் இயந்திரத்தில் அப்படியொரு போல்ட்தான் இருந்தது. ஊசி இரண்டிலும் வெல்டிங் தழும்பு தெரிந்தது. பெயின்ட் புதிதாக மின்னினாலும் அதை விட்டு நகர்ந்தோம்.

பழைய இயந்திரத்தைச் சோதிக்கும் முதல் படி, டிராக்டர் என்ஜினின் சுழற்சியை இயந்திரத்துக்குக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்டை டிராக்டரிலிருந்து கழற்றிவிட்டு, ஃபிளைவீலைக் கையால் சுற்றுவது. முடிச்சுக்கான விசையைத் தட்டிவிட்டு, ஒரு முழு முடிச்சுச் சுற்றையும் மெதுவாகக் கையாலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஊசிகள் பிளஞ்சர் பிளவின் நடுவில் செல்கின்றனவா, பக்கவாட்டில் உரசுகின்றனவா, மேலே போய் முடிச்சுப் பகுதியின் சட்டத்தில் முட்டுகின்றனவா என்பதெல்லாம் அப்போது தெரியும். ஊசி நுனியில் கயிறு ஓடி விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். சிறு பள்ளம் இயல்பு. பாதி ஆழத்துக்கு அறுத்திருந்தால் ஊசியை மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். ஊசி கட்டுப்பெட்டிக்குள் நிற்கும்போது பிளஞ்சர் வந்து மோதாதபடி தடுக்கும் தடுப்புக்கொண்டி ஒன்று உண்டு. அது துருப்பிடித்து அசையாமல் நிற்பதைப் பல இயந்திரங்களில் பார்த்திருக்கிறேன். கையால் தள்ளினால் எளிதாக நகர்ந்து ஸ்பிரிங்கின் விசையில் திரும்ப வர வேண்டும். ஊசிகளைத் தம் இடத்திலேயே இருத்தும் பிரேக்கும் எண்ணெய் படியாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். அது தளர்ந்தால் ஊசி தானாக மேலே ஊர்ந்து, பிளஞ்சரின் வழியில் வந்து நிற்கும்.

அடுத்தது முடிச்சுப் பகுதி. கிளி மூக்கு வடிவில் சுழலும் கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கயிற்றைப் பிடித்து வைக்கும் வட்டத்தகட்டையும் அப்படியே ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருந்தால் வாஷர் போட்டுக் குறைக்கலாம். எல்லா இணைப்பும் ஒருசேர ஆடினால் முழுப் பகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். கொக்கியின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். கயிறு ஓடி வரி விழுந்திருந்தால் முடிச்சு அதிலிருந்து வழுக்கி இறங்காது. முடிச்சைக் கொக்கியிலிருந்து துடைத்துத் தள்ளும் கை வளைந்திருக்கிறதா, அதிலுள்ள சிறு கத்தி மழுங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். இரண்டு முடிச்சுப் பகுதிகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று புதியதாகவும் மற்றது பழையதாகவும் இருந்தால், அந்தப் பக்கத்தில் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று பொருள். ஏன் என்று கேட்க வேண்டும்.

பிளஞ்சரைச் சோதிக்க அதன் தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நெம்பிப் பார்க்கலாம். தாங்கும் உருளைகளும் தடமும் தேய்ந்திருந்தால் நன்றாக ஆடும். பிளஞ்சரில் ஒரு கத்தியும் பெட்டியின் ஓரத்தில் அசையாத ஒரு கத்தியும் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உரசவும் கூடாது. இடைவெளி கூடினால் வைக்கோல் வெட்டுப்படாமல் மடிந்து சிக்கும், டிராக்டர் திணறும், ஷியர் போல்ட் முறியும். இதைக் கண்டறிய எளிய வழி கட்டையே பார்ப்பது. கட்டின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் வெட்டுப்பட்ட பக்கமாக இருக்கும். அந்தப் பக்கம் சீவிவிட்டதுபோல் இருந்தால் கத்தி நன்று. கிழிந்து நாராகத் தொங்கினால் கத்தியோ பிளஞ்சரின் உருளைகளோ தேய்ந்துவிட்டன. எனவேதான் விற்பவரிடம் சிறிதளவாவது வைக்கோலைப் பரப்பி, கட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டத்தையும் இழுவைக் கம்பத்தையும் மறக்கக் கூடாது. இந்த இயந்திரம் டிராக்டரின் பின்னால் நேராக வராமல், வலப்பக்கம் ஒதுங்கி வேலை செய்கிறது. அதனால் கம்பத்தின் மூட்டில் எப்போதும் பக்கவாட்டு இழுப்பு இருக்கும். அங்கே விரிசல் விழுந்து வெல்டிங் செய்திருந்தால் அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். கட்டுப்பெட்டியின் தரைத் தகட்டை அடியிலிருந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தால் துருவால் மெலிந்த இடம் சத்தத்திலேயே தெரியும். பெரிய கியர் பாக்ஸில் எண்ணெய்க் கசிவையும், ஃபிளைவீலை முன்னும் பின்னும் அசைத்தால் ஏற்படும் வெற்று ஆட்டத்தையும் பாருங்கள். பிக்கப் பற்கள் சில உடைந்திருப்பது பொருட்டில்லை; அவை மலிவு.

ஆவணங்களைப் பொறுத்தவரை, மானியத்தில் வாங்கிய இயந்திரத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கக்கூடும். எனவே முதல் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இயந்திர எண் பொறித்த தகடு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உதிரிப் பாகம் கேட்கும்போது அந்த எண்தான் உதவும். பயன்பாட்டுக் கையேடும் உதிரிப் பாகப் பட்டியல் புத்தகமும் இயந்திரத்தோடு வர வேண்டும். அவை இல்லாவிட்டால் வாங்கிய கையோடு தேடிப் பெற்றுவிடுங்கள். ஊசியும் பிளஞ்சரும் எந்த நிலையில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில் சந்திக்க வேண்டும் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும்; அதை ஊகத்தால் வைக்க முடியாது.

ஊர் வந்து சேர்ந்ததும் இயந்திரத்தை உடனே வயலில் இறக்காமல் ஒரு முழுப் பிரிப்பு செய்தேன். உள்ளே ஒட்டியிருந்த மண்ணையும் பழைய வைக்கோலையும் முதலில் காற்றால் ஊதி, பிறகு சுரண்டி எடுத்தோம். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதை நான் தவிர்க்கிறேன், ஏனெனில் அது பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். பிளஞ்சர் உருளைகளை மாற்றினோம். கத்திகளைப் பட்டறையில் சாணை பிடித்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் எனும் அளவுத்தகடு வைத்து அமைத்தோம். உள்ளூர்ப் பட்டறைக்காரர் இதுபோன்ற இயந்திரத்தை முன்பு பார்த்ததில்லை. ஆனால் புஷ் கடைவதும் ஷாஃப்ட் நேராக்குவதும் அவருக்குக் கைவந்த கலை. சதுரக்கட்டு இயந்திரத்துக்கு எங்கள் பக்கம் தனி மெக்கானிக் இல்லை என்பது உண்மைதான் என்றாலும், சரிசெய்ய வேண்டியது எது என்பதைச் சொந்தக்காரர் தெளிவாகச் சொன்னால் அதைச் செய்து தரும் திறமை நம் பட்டறைகளில் தாராளமாக இருக்கிறது.

நேரக்கணக்கை அமைப்பதற்குமுன் எல்லா செயினும் பேரிங்கும் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்த செயினோடு நேரம் வைத்தால் அது நிற்காது. பிரிக்கும்போது பற்சக்கரங்கள் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டுவது எளிது. ஆனால் முன்பு பிரித்தவர் தவறாகப் பூட்டியிருக்கலாம் என்பதால், பூட்டி முடித்தபின் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

வயலில் முதலில் கவனிக்க வேண்டியது ஈரம். தை, மாசியில் எங்கள் பக்கம் பனி கடுமையாகப் பெய்யும். மேலே உலர்ந்ததாகத் தோன்றும் வரிசையின் அடியில் காலை ஒன்பது மணிக்கும் ஈரம் நிற்கும். நான் வரிசையைப் புரட்டி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையில் முறுக்கிப் பார்க்கிறேன். நொறுங்கும் சத்தத்தோடு ஒடிந்தால் கட்டலாம். துவண்டு மடிந்தால் காத்திருக்க வேண்டும். ஈரமாகக் கட்டினால் கட்டுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், மாடு தின்னாது, பெருமளவில் நெருக்கி அடுக்கினால் தானே தீப்பற்றும் அபாயமும் உண்டு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் எங்கள் பக்கம் ஏராளமான வைக்கோல் நனைந்து கறுத்தது. அப்படி நனைந்ததைப் புரட்டிக் காயவைத்துக் கட்டினாலும் தீவனத் தரம் திரும்பாது. அதைக் காளான் வளர்ப்புக்கோ மூடாக்குக்கோ என்று வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

ஈரத்துக்கு அடுத்தது மண்ணின் இளக்கம். இயந்திரத்தின் எடை ஏறக்குறைய ஒன்றரை டன். அதை இழுக்க 45 முதல் 50 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் வேண்டும். உளுந்து முளைத்திருக்கும் வயலில் இந்தச் சக்கரங்கள் ஓடினால் தடம் விழும் இடத்தில் முளை போய்விடும். வயல்காரர் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது. பெல்ட் வண்டி போன தடத்திலேயே டிராக்டரை ஓட்டி, வரப்போரம் மட்டுமே திரும்பினால் சேதம் குறையும். கால் புதையும் வயலுக்கு நான் போவதில்லை. உருளைக்கட்டு இயந்திரம் வைத்திருப்பவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

பெல்ட் வண்டி ஓட்டுநரோடு முன்கூட்டியே பேசிவைப்பது கட்டின் தரத்தை வெகுவாக உயர்த்தும். வைக்கோலைச் சிதறடிக்காமல் நேர்வரிசையாக விழச் செய்யவும், அளவுக்கு மீறி நொறுக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். துண்டுதுண்டான வைக்கோல் கட்டுக்குள் பிடிமானம் இல்லாமல் உதிரும். வரிசை மெலிந்திருந்தால் இரண்டை ஒன்றாகக் கூட்டுவது நல்லது. ஆனால் ரேக்கின் பற்கள் மண்ணைத் தொடாத உயரத்தில் இருக்க வேண்டும்.

பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதைக் குறைக்கவே கூடாது. வைக்கோல் கனமாக இருந்தால் டிராக்டரின் கியரைக் குறைத்து மெதுவாக நகர வேண்டுமே தவிர ஆக்ஸிலேட்டரைக் குறைக்கக் கூடாது. ஃபிளைவீலின் விசை குறையும்போதுதான் பிளஞ்சர் திணறும். ஒரு கட்டுக்கு 12 முதல் 15 வீச்சு விழும்படி வேகத்தை வைத்தால் கட்டு இறுக்கமாகவும் பிரித்தால் ஏடு ஏடாகப் பிரியக்கூடியதாகவும் வரும். கட்டு ஒரு பக்கம் வளைந்து வந்தால் ஊட்டும் முள்கள் பெட்டியின் கடைசி வரை வைக்கோலைத் தள்ளவில்லை, அல்லது தேவைக்கு மேல் தள்ளுகின்றன. அவற்றின் நிலையை ஒரு துளை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். நான் வைக்கும் இறுக்கத்தில் உலர்ந்த வைக்கோல் கட்டு 15 முதல் 20 கிலோ வரும். இதைவிட இறுக்கினால் எடை கூடும் என்றாலும் கயிறும் முடிச்சும் தாங்காது, தூக்குபவர் முதுகும் தாங்காது.

கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு என்று கிடைத்த கயிற்றைப் போடுவதுதான் முடிச்சுத் தொல்லைகளில் பாதிக்குக் காரணம். தடிமன் ஒரே சீராக இருக்க வேண்டும். பருத்தும் மெலிந்தும் வரும் சணல் கயிறு வட்டத்தகட்டில் சில நேரம் சிக்கும், சில நேரம் நழுவும். பிளாஸ்டிக் கயிறு சீராக ஓடும், எலி கடிக்காது, ஆனால் மாட்டின் வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் தங்கி உயிருக்கே ஆபத்தாகும். பிளாஸ்டிக் கயிறு போட்ட கட்டை விற்கும்போது, கயிற்றை அறுத்து எண்ணி எடுத்துவிட்டே தீவனம் வையுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒரு கயிற்றிலிருந்து மற்றதற்கு மாறினால் பிடிப்பு இறுக்கத்தை மறுபடி அமைக்க வேண்டும். இரண்டு முடிச்சுப் பகுதிகளுக்கும் வெவ்வேறு கயிறு போட்டு ஓட்டுவது வீண் தொல்லை. உருண்டையின் நுனியை அடுத்த உருண்டையோடு இணைக்கும் முடிச்சு சிறியதாகவும், மிச்ச நுனிகள் நறுக்கப்பட்டும் இருக்க வேண்டும். அது ஊசிக் கண்ணைக் கடந்து போக வேண்டுமல்லவா.

முடிச்சு விழாதபோது பதற்றத்தில் எல்லாத் திருகாணிகளையும் திருப்புவது பெருந்தவறு. விழாமல் போன கயிற்று நுனிகளே என்ன கோளாறு என்று சொல்லும், எனவே அவற்றை எறியாமல் எடுத்துப் பாருங்கள். முடி விழுந்தும் கொக்கியிலேயே தங்கிக் கயிறு அறுந்திருந்தால், துடைக்கும் கை கொக்கியை ஒட்டி உரசவில்லை, அல்லது கொக்கி துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கிறது. கயிறு வட்டத்தகட்டிலிருந்து உருவிக்கொண்டு நுனி பிசிறியிருந்தால் பிடிப்பு தளர்வு. தகட்டுக்கு அருகிலேயே கயிறு நசுங்கி அறுந்திருந்தால் பிடிப்பு இறுக்கம் அதிகம். நுனிகள் ஏற்றத்தாழ்வாகக் கிழிந்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. முடிச்சு போட்டதுபோல் தோன்றிப் பிறகு நழுவினால் கொக்கியின் தாடை நுனிகளை இறுகப் பிடிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் கால் திருப்பு மட்டும் மாற்றி, சில கட்டுகள் ஓட்டிப் பார்த்து, பலனைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கொக்கிக்கு மெல்லிய உப்புத்தாளும், கத்திக்குச் சிறு சாணைக்கல்லும் எப்போதும் டிராக்டரில் இருக்கும்.

இந்தச் சரிபார்ப்பு எதையும் பி.டி.ஓ. ஓடும்போது செய்யக் கூடாது. என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, ஃபிளைவீல் முற்றிலும் நின்றதைப் பார்த்த பிறகே அருகே போக வேண்டும். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் அந்தக் கனத்த சக்கரம் சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். விசை தட்டப்பட்ட ஊசிகள் அந்த மிச்ச விசையில் மேலேறிவிடும். பிக்கப்பில் சிக்கிய வைக்கோலை ஓட்டத்தில் காலால் தள்ளுவதைச் சில வயல்களில் கண்டிருக்கிறேன். வேட்டியோ துண்டோ ஒரு நூல் சிக்கினாலும் விடுபட நேரம் கிடைக்காது. பி.டி.ஓ. ஷாஃப்டின் மேல் உறை இல்லாமல் என் இயந்திரத்தை யாரும் ஓட்ட நான் அனுமதிப்பதில்லை.

ஓடும் நாட்களில் காலையில் கிரீஸ் கன்னோடு ஒரு சுற்று வருவது என் பொறுப்பு. அதை ஓட்டுநரிடம் விடுவதில்லை, ஏனெனில் தளர்ந்த போல்ட்டும் சூடேறிய பேரிங்கும் அப்போதுதான் கண்ணில் படும். முடிச்சுப் பகுதிக்குக் கிரீஸ் போட்டபின் மேலே பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் தூசு ஒட்டிப் பசையாகும். நண்பகலில் முடிச்சுப் பகுதியின் மேல் சேரும் தூசையும் வைக்கோல் துணுக்கையும் ஒருமுறை ஊதிவிடுகிறோம். ஒரு மின்விசிறியையே இதற்காகப் பொருத்திய இயந்திரங்கள் உண்டு. அது நல்ல ஏற்பாடு. சூடேறும் பேரிங்கைச் சுற்றி உலர்ந்த வைக்கோல் சேர்ந்தால் தீ பிடிக்கும். ஒரு தீயணைப்பானும் ஒரு குடம் தண்ணீரும் டிராக்டரில் இல்லாமல் வயலுக்குப் போவதில்லை.

பருவம் முடிந்ததும் கட்டுப்பெட்டியை முழுவதும் காலி செய்துவிடுங்கள். கடைசிக் கட்டை அப்படியே உள்ளே விட்டு நிறுத்துவது பலர் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுவதும் அந்த வைக்கோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, தரைத் தகட்டை அரித்துவிடும். இறுக்கும் ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி, செயின்களுக்கு எண்ணெய் விட்டு, பளபளப்பான பரப்புகளுக்கு, குறிப்பாகக் கொக்கிக்கும் வட்டத்தகட்டுக்கும், கிரீஸ் தடவி மூடி வைக்கிறேன். அடுத்த தையில் முதல் வேலை அந்தக் கிரீஸைத் துணியால் துடைப்பது. கிரீஸோடு ஓட்டினால் கயிறு வழுக்கி முடி விழாது. துருவோடு ஓட்டினாலும் விழாது.

உதிரிப் பாகங்கள் கேட்ட உடனே திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வடக்கிலிருந்து வர நாட்கள் ஆகும். வைக்கோல் காலமோ வெகு குறுகியது. எனவே ஷியர் போல்ட் ஒரு பெட்டி, ஒரு ஜோடி ஊசி, இரண்டு கொக்கிகள், முடிச்சுக் கத்திகள், பிளஞ்சர் உருளை ஒரு தொகுதி, பிக்கப் பற்கள் ஒரு கட்டு ஆகியவற்றை மார்கழிக்குள் வாங்கி வைத்துவிடுகிறேன். பழைய இயந்திரத்தின் விலையைக் கணக்கிடும்போது, இந்த உதிரிப் பாகங்களின் விலையையும் முதல் பிரிப்புக்கான பட்டறைக் கூலியையும் லாரி வாடகையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். இவை அனைத்தும் சேர்ந்து புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால், அந்தப் பேரத்தை விட்டுவிட்டு அடுத்த டிசம்பர் வரை காத்திருக்கலாம்.